சுயேச்சை அபேட்சகரும் ஜனாதிபதி ஆசனமும்

2024 ஆம் ஆண்டு செப்டெம்பர் 21 ஆம் திகதி நடந்தேறிய இலங்கை ஜனாதிபதித் தேர்தலில், உடப்புசல்லாவையிலிருந்து இராகலை வரை மலைச்சரிவுகளில் பரந்து கிடக்கும் தோட்டங்களின் பாடசாலைக் கட்டடங்களிலே வாக்காளர் கையில் கொடுக்கப்பட்ட வாக்குச் சீட்டு ஏறக்குறைய இரண்டேகால் அடி நீளமுடையதாயிருந்தது. அத்தனை நீளத் தாளை மேசைமீது விரித்து, மேலிருந்து கீழாக விரலை நகர்த்தித் தாம் தேடிய சின்னத்தைக் கண்டு, அதற்கு நேரே புள்ளடியிட்டு, பின்னர் அத்தாளைப் பெட்டியின் துவாரத்துக்குள் அடங்குமளவுக்கு மடித்து முடிப்பதற்குள், காலையிலேயே வந்து வரிசையில் நின்ற மூதாட்டிகள் சிலர் களைத்துப் போனார்கள். முப்பத்தொன்பது பேருடைய வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டு, அவர்களில் ஒருவர் இடையிலே காலமாகிவிட, முப்பத்தெட்டுப் பேர் களத்தில் எஞ்சிநின்ற தேர்தல் அது. அவர்களில் கணிசமானோர் எந்தக் கட்சியின் பெயரையும் தாங்காத சுயேச்சை அபேட்சகர்கள். அதிலும் பெரிய விசேஷம், அப்போது ஜனாதிபதி ஆசனத்தில் அமர்ந்திருந்தவரே சுயேச்சையாக நின்றார் என்பது.

கட்சி என்னும் பெருவண்டியில் ஏறாமல், தம் சொந்தக் கால்களால் நடந்துபோய் ஒரு நாட்டின் தலைமை ஸ்தானத்தை அடைந்துவிட ஒருவரால் முடியுமா என்ற கேள்வி அமெரிக்காவிலே நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் எழுப்பப்படுவது. அங்கே அதற்குக் கிடைத்துவந்த விடையைப் பின்னர் பார்ப்போம். நம் நாட்டிலே இக்கேள்வி அவ்வளவு உரத்து எழுப்பப்படுவதில்லையாயினும், அதற்குரிய விடை நம் அரசியலமைப்பிலும், நம் தேர்தல் சட்டத்திலும், அவற்றைக் காட்டிலும் அதிகமாக நம் தோட்டங்களின் தொழிற்சங்க வாழ்க்கையிலும் பொதிந்து கிடக்கின்றது.

முதலிற் சட்டத்தைக் கவனிப்போம். 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்யும் ஜனாதிபதி ஒருவரை நாட்டின் தலைமையில் இருத்தியது. 1981 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் அத்தேர்தலை நடத்தும் முறைகளை வகுத்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியொன்று நியமிக்குமாயின், தகுதியுள்ள எந்தப் பிரஜையும் ஜனாதிபதி அபேட்சகராகலாம். கட்சியின் ஆதரவில்லாமல் நிற்க விரும்புகிறவருக்கோ வேறொரு வாசற்படி வைக்கப்பட்டிருக்கிறது: அவர் சட்டசபையொன்றின் அங்கத்தவராக ஏற்கெனவே தெரிவானவராகவோ, அப்போது இருப்பவராகவோ இருத்தல் வேண்டும். அதாவது, ஒரு காலத்தில் மக்கள் வாக்குப் பெற்று உள்ளே போய்வந்தவர்களுக்கு மாத்திரமே இந்த நாட்டில் தனித்து நிற்கும் உரிமை உண்டு. கட்சி அபேட்சகர் கட்டவேண்டிய கட்டுப்பணம் 50,000 ரூபாய். சுயேச்சை அபேட்சகருக்கோ 75,000 ரூபாய். வாக்குகளில் எட்டில் ஒரு பங்கைப் பெறாதவர் அப்பணத்தை இழப்பார். தனித்து வருபவனை வாசலில் நிறுத்திச் சற்று அதிகமாக விசாரித்த பின்னரே உள்ளே விடுவது என்பதே இச்சட்டத்தின் சுபாவம். அதில் நியாயமில்லையென்றும் சொல்வதற்கில்லை. விளம்பரப் பிரியர்களுக்கு எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் பஞ்சம் இருந்ததில்லை.

இந்த விதியின் விளைவு பலர் கவனியாத ஓரிடத்தில் வெளிப்பட்டது. 2010 இல் மகிந்த ராஜபக்ஷவை எதிர்த்து எதிர்க்கட்சிகளெல்லாம் ஒன்றுகூடிப் பொது வேட்பாளராக நிறுத்திய சரத் பொன்சேகா இராணுவத் தளபதியாக இருந்தவரேயன்றிப் பாராளுமன்றப் படியை அதற்கு முன் மிதித்தவரல்லர். ஆகவே, எந்தக் கட்சிக்கும் உரியவரல்லாத அவர் தமக்கென்று ஒரு கட்சியை இரவல் வாங்கவேண்டியிருந்தது. புதிய ஜனநாயக முன்னணி என்ற சிறு கட்சியின் அன்னச் சின்னம் இவ்விதமாகவே தேசமெங்கும் பிரசித்தி பெற்றது. 2015 இல் அதே அன்னத்தின்மீது அமர்ந்து 51.28 சதவீத வாக்குகளுடன் மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியானார். அவர் பல்லாண்டு பாராளுமன்றத்தில் இருந்தவர். சுயேச்சையாக நிற்கும் தகுதி அவருக்கு நிறைய உண்டு. ஆயினும் அவரும் சின்னமுள்ள கட்சியொன்றின் பெயரிலே வருவதையே உசிதமாகக் கொண்டார். சுயேச்சைக்கு மிகவும் அண்மித்து வந்து வெற்றியும் பெற்ற ஒரே இலங்கையர் அவரே என்று நான் நினைக்கிறேன். அவருங்கூட வேட்புமனுவிலே சுயேச்சையல்லர்.

வேட்புமனுவிலும் சுயேச்சையாக நின்றவர்களுடைய சரித்திரம் சுருக்கமானது. 1982 இல் அறுவர் நின்றனர், 1988 இல் மூவர்; எல்லோரும் கட்சிக்காரர்கள். 1994 நவம்பரிலேதான் சுயேச்சைகள் முதன்முதலாகத் தோன்றினார்கள்; அவர்களில் ஹட்சன் சமரசிங்க 58,888 வாக்குகள் பெற்றார்; அது நாட்டின் வாக்குகளில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாத தொகை. 2010 இலும் 2019 இலும் வடக்கிலிருந்து எம். கே. சிவாஜிலிங்கம் நின்றார், முதல் முறை 9,662 பேரும், இரண்டாம் முறை 12,256 பேரும் அவருக்கு வாக்களித்தனர். 2019 இல் கிழக்கிலிருந்து நின்ற எம். எல். ஏ. எம். ஹிஸ்புல்லாஹ் 38,814 வாக்குகள் பெற்றார். இவர்களில் ஒருவராவது ஜனாதிபதியாகிவிடலாம் என்ற நம்பிக்கையோடு மனுத் தாக்கல் செய்திருப்பாரென்று எண்ண இடமில்லை. சிலருக்குத் தம் சமூகத்தின் குறையை நாடறியச் சொல்ல ஒரு மேடை வேண்டியிருந்தது. வேறு சிலருக்கோ, வெளிப்படையாகச் சொல்வதற்கில்லாத உபயோகங்கள் இருந்தன. ஒவ்வொரு அபேட்சகருக்கும் அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இலவச நேரமுண்டு. வாக்களிப்பு நிலையங்களிலும் வாக்கெண்ணும் நிலையங்களிலும் தம் பிரதிநிதிகளை அமர்த்தும் உரிமையுமுண்டு. பெரிய அபேட்சகரொருவர் தமக்கு வேண்டிய சிறிய அபேட்சகர்கள் நாலைந்து பேரைக் களத்தில் இறக்கிவிட்டால், அவ்வளவு நேரமும் அவ்வளவு ஆசனங்களும் தமக்கே கிடைத்த மாதிரி. இவ்வகையினரை நம் ஊரில் ‘டம்மி வேட்பாளர்’ என்று வெளிப்படையாகவே சொல்வார்கள்.

இந்தப் பட்டியலில் எவ்வகையிலும் சேராத ஒருவரே ரணில் விக்கிரமசிங்க. 2020 பொதுத் தேர்தலில் நாடு முழுவதிலும் ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனத்துக்கு ஒடுங்கிப்போன ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவர். 2022 இல் நாடு பொருளாதாரத்தில் வீழ்ந்து ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ வெளியேறிய பின்னர், ஜூலை 20 ஆம் திகதி பாராளுமன்ற உறுப்பினர்கள் 134 பேருடைய வாக்குகளால் ஜனாதிபதியானவர். தம் கட்சியின் யானைச் சின்னத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, எரிவாயுச் சிலிண்டரைச் சின்னமாகக் கொண்டு அவர் நின்றதன் யுக்தி விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. ராஜபக்ஷக்களின் மொட்டுக் கட்சியிலிருந்து பிரிந்து வந்தவர்களும், பச்சை நிறத்துக்குரிய ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஒருபோதும் வாக்களித்திராதவர்களும், மலையகத்துத் தொழிற்சங்கத்தாரும் ஒரே குடையின்கீழ் நிற்பதற்குக் கட்சிப் பெயரற்ற குடையே வசதியானது. எரிவாயுவுக்காக ஜனங்கள் வெறுஞ் சிலிண்டர்களுடன் தெருவில் நாட்கணக்காகக் கிடந்த காலத்தை ஞாபகமூட்டும் சின்னம் அவருக்கு எவ்வளவு தூரம் உதவியிருக்குமென்பது வேறு விஷயம். 22,99,767 வாக்குகள், அதாவது 17.27 சதவீதம், அவருக்குக் கிடைத்தன. நம் நாட்டில் சுயேச்சையாக நின்ற எவரும் இந்தத் தொகையின் அருகில்கூட வந்ததில்லை, கட்டுப்பணமும் தப்பியது. ஆயினும் அவருக்குக் கிடைத்தது மூன்றாமிடமே.

அந்த மூன்றாமிடத்துக்காரர் எங்கள் நுவரெலியா மாவட்டத்திலே இரண்டாமிடத்துக்கு வந்தார். நாட்டில் இரண்டாமிடம் பெற்ற சஜித் பிரேமதாசவுக்கு இங்கே ஏறக்குறைய 2 இலட்சம் வாக்குகள்; ரணிலுக்கு 1 இலட்சத்து 38 ஆயிரம் அளவில்; நாட்டை வென்ற அநுர குமார திசாநாயக்கவுக்கு 1 இலட்சத்து 5 ஆயிரம் அளவில். நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பெற்றவர் இம்மாவட்டத்திலே நூற்றுக்கு இருபத்தொன்பதை எப்படிப் பெற்றார் என்று கேட்டால், அதற்கு விடை அவருடைய சுயேச்சையில் இல்லை. தோட்டத்தின் அமைப்பிலே இருக்கிறது.

வெளியூர் வாசகர்களுக்காக இதனைச் சற்று விரித்துரைப்பது அவசியம். மலையகத்திலே கட்சி என்பது கொழும்பில் உள்ளது போன்ற ஒரு காரியாலயமன்று, அது தொழிற்சங்கம். மாதந்தோறும் சம்பளத்திலே சந்தா பிடிக்கப்படும். தோட்டத்துக்குத் தோட்டம், டிவிஷனுக்கு டிவிஷன் ஒரு தலைவர் இருப்பார். காலையிலே பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்கும்போது எழும் தகராறும், கொழுந்து நிறுவையில் கிலோ குறைந்த தகராறும், லயத்துக் கூரைத் தகரம் ஒழுகும் தகராறும் முதலில் வந்து சேருமிடம் அவருடைய வாசல்தான். தோட்டத்துத் துரையுடன் பேசி அரைப்பேரை, அதாவது அரைநாட் சம்பளத்தை, முழுப்பேராக்கிக் கொடுத்த ஒருவர், தேர்தலுக்கு முந்திய வாரத்திலே மாதிரி வாக்குச் சீட்டொன்றை விரித்து, ‘இந்தப் படத்துக்கு நேரே’ என்று விரலை வைத்துக் காட்டினால், அதன் பெறுமதி தொலைக்காட்சிப் பிரசாரங்கள் நூற்றின் பெறுமதிக்கும் மேலானது. சேவற் சின்னத்தையே வாழ்நாள் முழுவதும் அறிந்த ஒரு கொழுந்துப் பெண்ணுக்குச் சிலிண்டரை அறிமுகம் செய்து வைத்தவர் அந்தத் தலைவரே. சேவலுக்குரிய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலுடன் நின்றது. அதன் தலைவர்களில் ஒருவரான ஜீவன் தொண்டமான் அவருடைய அமைச்சரவையில் இருந்தார். 1,700 ரூபாய் நாட்சம்பளம் என்ற அறிவித்தலும் அவ்வாண்டு மே தினத்தன்று கொட்டகலை மேடையிலேதான் செய்யப்பட்டது. எதிர்ப்புறத்தில் மனோ கணேசன், பழனி திகாம்பரம், வே. இராதாகிருஷ்ணன் ஆகியோரின் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்துக்குத் தோள் கொடுத்தது. ஆகவே இம்மாவட்டத்திலே சுயேச்சைக்குக் கிடைத்த வாக்கு என்று நாம் காண்பதில் பெரும்பகுதி, உண்மையில் மிகவும் பழைமையான, மிகவும் கட்டுக்கோப்பான ஓர் ஸ்தாபனத்தின் வாக்கு.

அப்படியானால் ஸ்தாபனமில்லாமல் நின்றவர் என்ன ஆனார்? அதே தேர்தலிலே, அதே மாவட்டத்தைச் சேர்ந்த மயில்வாகனம் திலகராஜ் சுயேச்சை அபேட்சகராக நின்றார். மல்லியப்பு சந்தி திலகர் என்ற பெயரில் இலக்கிய உலகம் அறிந்தவர். 2015 இல் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அந்தப் பழைய அங்கத்துவமே அவருக்குச் சட்டத்தின் வாசலைத் திறந்துவிட்டது. மலையகத் தமிழருக்குரிய காணியுரிமை, வீட்டுரிமை, நிர்வாக உரிமை ஆகியவற்றை ஜனாதிபதித் தேர்தல் மேடையிலே மலையகத்தானொருவனின் வாயால் சொல்ல வேண்டுமென்பதே அவர் நின்றதன் நோக்கம். பெற்ற வாக்குகள் சில ஆயிரத்தைத் தாண்டவில்லை. அவருடைய நோக்கத்தை மெச்சியவர்களிற் பலர் அவருக்கு வாக்களிக்கவில்லை. நான் பழகியவர்களிலேயே அத்தகையோர் உண்டு. வென்று வரக்கூடியவனுக்குப் போட்டால்தானே நாளைக்குக் கேட்க வாயிருக்கும் என்பது அவர்கள் நியாயம்.

இந்த நியாயத்தை அவசரப்பட்டு அடிமைப் புத்தியென்று இகழ்ந்துவிடுவோர் நம் மக்களின் வாக்குரிமைச் சரித்திரத்தைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். 1947 தேர்தலிலே நுவரெலியாவில் எஸ். தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தாவும் இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பிலே பாராளுமன்றத்துக்குப் போனார்கள். அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும், அவர்களை அனுப்பிய வாக்காளரையே பட்டியலிலிருந்து துடைத்தெறிந்தன. 1982 இல் நாடு முதலாவது ஜனாதிபதித் தேர்தலைக் கொண்டாடியபோது எங்கள் லயங்களில் வாழ்ந்தோரிற் பலருக்கு வாக்குச் சீட்டு என்பது கண்ணாற் காணாத பொருள். 1988 ஆம் ஆண்டுச் சட்டமும், 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் எஞ்சியோரைப் பிரஜைகளாக்கின. இத்தனை தாமதித்துக் கைக்கு வந்த ஒன்றை, தோற்பது நிச்சயமென்று தெரிந்த இடத்திலே வைக்க ஒருவர் தயங்கினால் அது முன்னெச்சரிக்கையே.

வடக்கு கிழக்கிலே 2024 இல் வேறொரு பரீட்சை நடந்தது. மட்டக்களப்பின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். அவரும் ஜனாதிபதியாவதற்கு நிற்கவில்லை என்பதை மறைத்ததில்லை. தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிப்பதெனத் தீர்மானித்த நிலையிலும், அவருக்கு 2,26,343 வாக்குகள் விழுந்தன; யாழ்ப்பாண மாவட்டத்தில் மாத்திரம் 1,16,688 பேர் அவருக்கு வாக்களிக்க, முதலிடம் பெற்ற சஜித்துக்கும் அவருக்குமிடையே ஐயாயிரத்துக்கும் குறைந்த வித்தியாசமே இருந்தது. ஓர் இனத்தின் மனநிலையை அளந்து காட்டும் கருவி என்ற அளவிலே அது பழுதற்றது. அதற்கு மேல் அது எதனைச் சாதித்தது என்பதில் யாழ்ப்பாணத்தவர்களுக்குள்ளேயே இன்றுவரை அபிப்பிராய பேதம் இருந்து வருகிறது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே சுயேச்சை நிற்பதற்கு முன்னாள் அங்கத்துவம் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது விதிகள். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் கையெழுத்துச் சேகரித்தாலன்றி வாக்குச் சீட்டிலே பெயர் ஏறாது. அது கிடக்கட்டும். பெரிய தடை வேறொன்று. மக்கள் இடும் வாக்கு அங்கே நேராக ஜனாதிபதிக்குப் போய்ச் சேர்வதில்லை. மாநிலந்தோறும் பகிரப்பட்ட 538 தேர்வாளர்களையே அது தெரிவுசெய்கிறது. அவர்களில் 270 பேரைப் பெற்றவரே ஜனாதிபதி. இரண்டு மாநிலங்கள் நீங்கலாக மற்றெல்லாவற்றிலும், மாநிலத்தில் முதலாவதாக வந்தவருக்கு அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் உரியவராவர். இரண்டாவதாக வந்தவருக்கு ஒருவருமில்லை. 1992 இல் டெக்சாஸ் மாநிலத்துச் செல்வந்தர் ரோஸ் பெரோ சொந்தப் பணத்தை வாரியிறைத்து, ஒரு கட்டத்தில் கருத்துக் கணிப்புகளில் இரு பெருங்கட்சிக்காரர்களையும் முந்தி நின்றார். ஜூலையில் திடீரென விலகி, அக்டோபரில் மீண்டும் நுழைந்து, தொலைக்காட்சியிலே அரைமணி நேரம் வரைபடங்களைக் காட்டிக் கணக்கு வாத்தியார் போலப் பேசி, இத்தனை குழப்பத்துக்குப் பின்னரும் 18.9 சதவீத வாக்குகளைப் பெற்றார். ஏறக்குறைய இரண்டு கோடி மனிதர். மேய்ன் மாநிலத்தில் பதவியிலிருந்த ஜனாதிபதி புஷ்ஷையே பின்தள்ளி இரண்டாவதாக வந்தார். யூட்டாவிலே, நாட்டை வென்ற கிளிண்டனையே பின்தள்ளினார். தேர்வாளர்? ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

1968 இல் ஜார்ஜ் வாலஸ் என்பவர் பெரோவைக் காட்டிலும் குறைந்த வாக்குகளையே பெற்றும் 46 தேர்வாளர்களை வென்றார்; ஏனெனில் அவருடைய வாக்குகள், நிறவெறியின் கோட்டையாயிருந்த தெற்கு மாநிலங்களில் திரண்டு கிடந்தன. நாடெங்கும் நெல் தூவினாற்போலப் பரந்த ஆதரவுக்கு அந்த ஏற்பாட்டில் பிரயோசனமில்லை. ஓரிடத்திலே குவிந்த ஆதரவுக்கு உண்டு. அப்படிக் குவிந்தாலுங்கூட, எவருக்கும் 270 கிட்டாதபோது தெரிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. அந்தச் சபையிலோ இரு கட்சியாரைத் தவிர வேறெவருமில்லை என்று சொல்லத்தக்க நிலை. 2024 இல் சுயேச்சையாகப் புறப்பட்ட ரொபர்ட் கென்னடி ஓகஸ்டு மாதத்திலே தம் பிரசாரத்தை நிறுத்தி டிரம்ப்புக்கு ஆதரவளித்தார். பின்னர் அவருடைய அமைச்சரவையிலும் இடம்பெற்றார். ஜோர்ஜ் வாஷிங்டன் எந்தக் கட்சியிலும் சேராதவர் என்று சொல்லி இதற்கு மறுப்புக் காட்டுவோருண்டு. அவர் காலத்தில் சேர்வதற்குக் கட்சிகள் உருத்திரண்டிருக்கவில்லை.

இந்த வகையிலே பெரோவைக் காட்டிலும் நமக்கு நெருங்கியவரும், நாம் நினைவில் வைத்திருக்க வேண்டியவருமான ஒருவர் உண்டு. 1947 முதல் 1951 வரை, தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமை பறிபோன அதே காலப்பகுதியில், இலங்கையில் இந்திய அரசின் உயர்ஸ்தானிகராகக் கொழும்பிலிருந்த வி. வி. கிரியே அவர். இந்திய ரயில்வே தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பிய தொழிற்சங்கவாதி. 1969 இல் இந்திய ஜனாதிபதித் தேர்தலிலே காங்கிரஸ் கட்சியின் உத்தியோகபூர்வ அபேட்சகராக நீலம் சஞ்சீவ ரெட்டி நின்றபோது, உப ஜனாதிபதிப் பதவியைத் துறந்துவிட்டு கிரி சுயேச்சையாக நின்றார். பிரதமர் இந்திரா காந்தி தம் கட்சியின் அங்கத்தவர்களை மனச்சாட்சிப்படி வாக்களிக்குமாறு கேட்டுக்கொண்டார். அது எவருக்காகச் சொல்லப்பட்டது என்பதை விளங்காதவர் இலர். முதற் கணக்கிலே கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சுதந்திரா, ஜனசங்கக் கட்சிகள் ஆதரித்த சி. டி. தேஷ்முக்குக்கு 1,12,769. எவருக்கும் பாதி கிட்டவில்லை. இரண்டாம் விருப்புகளை எண்ணிச் சேர்த்த பின்னர் கிரி 4,20,077 க்கும், ரெட்டி 4,05,427 க்கும் வந்து நின்றனர். தேஷ்முக்கின் ஆதரவாளர்களிற் பெரும்பாலோர் ரெட்டியின் பக்கமே சாய்ந்தனர் என்பதும், எஞ்சிய கொஞ்சமே கிரியைக் கரையேற்றியது என்பதும் இவ்வெண்களிலிருந்து தெளிவாகும். சுயேச்சையாக நின்று பாரத தேசத்தின் ஜனாதிபதியானவர் அவரொருவரே. ஆனால் அந்தச் சுயேச்சைக்குப் பின்னால் ஆளுங்கட்சியில் ஒரு பெரும் பாதியே நின்றது. அதே ஆண்டின் இறுதிக்குள் அக்கட்சி இரண்டாகப் பிளந்தும் போயிற்று.

இரண்டாம் விருப்பு என்னும் அந்த ஏற்பாடு நம் ஜனாதிபதித் தேர்தலிலும் ஆரம்பம் முதலே இருந்து வருகின்றது. வாக்காளர் தம் முதல் விருப்பை மாத்திரமன்றி இரண்டாவது, மூன்றாவது விருப்புகளையும் குறிக்கலாம். முதற் கணக்கில் ஒருவரும் பாதியைத் தாண்டாவிடில், முதலிரு இடத்தவரைத் தவிர ஏனையோர் எல்லோரும் ஒரேயடியாக விலக்கப்பட்டு, அவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அவ்விருவருக்கு இடப்பட்டுள்ள அடுத்த விருப்பு எண்ணப்படும். நாற்பதாண்டுக் காலம் இந்த விதிக்கு வேலை வரவில்லை. 2024 இலேயே முதன்முறையாக வந்தது. அநுர 56,34,915 உடன் 42.31 சதவீதத்திலும், சஜித் 43,63,035 உடன் 32.76 சதவீதத்திலும் நின்றுவிட, மற்ற முப்பத்தாறு பேருக்கும் விழுந்திருந்த 33 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் மறுபடி திறக்கப்பட்டன.

அங்கேதான் வேடிக்கை. அத்தனை சீட்டுகளிலுமிருந்து அநுரவுக்குச் சேர்ந்தவை 1,05,264; சஜித்துக்குச் சேர்ந்தவை 1,67,867. இரண்டையும் கூட்டினால் இரண்டே முக்கால் இலட்சத்துக்கும் குறைவு. நூற்றுக்கு எட்டுப் பேர்தான் பயன்படத்தக்க அடுத்த விருப்பொன்றைக் குறித்திருக்கின்றனர். தொண்ணூற்றிரண்டு பேருடைய சீட்டு அவ்விடத்திலேயே பேச்சற்றுப் போயிற்று. முடிவு மாறவில்லை; 57,40,179 உடன் அநுர ஜனாதிபதியானார். முதற் கணக்குக்கே வராமல் நிராகரிக்கப்பட்ட 3,00,300 வாக்குகள் இவற்றுக்குப் புறம்பானவை. அந்தத் தொகை அரியநேத்திரன் பெற்றதைக் காட்டிலும் அதிகம் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

ஒரு சுயேச்சை அபேட்சகருக்கு இந்நாட்டின் சட்டம் உண்மையாகக் கொடுத்திருக்கும் ஆயுதம் இந்த இரண்டாம் விருப்பே என்பது என் அபிப்பிராயம். முதலாவது விருப்பால் தம் குறையைச் சொல்லிவிட்டு, இரண்டாவதால் வெல்லக்கூடியவனுடன் பேரம் பேசவும் இம்முறையில் இடமிருக்கிறது. அமெரிக்காவிலே பெரோவின் ஆதரவாளருக்கு இந்த வசதி இருக்கவில்லை. தோற்பவனுக்குப் போட்டு வாக்கை வீணாக்குவதா என்று திலகராஜைத் தவிர்த்தவர்களுடைய தயக்கத்துக்கும் இதிலேயே பரிகாரம் உண்டு. ஆனால் அதனை எடுத்துச் சொல்வார் யார்? பெரிய கட்சிகளுக்கு, தம் ஆதரவாளர் ஒன்றுக்கு மேல் குறிப்பதில் விருப்பமிருக்க நியாயமில்லை. சிறிய அபேட்சகர்களுக்கோ ஊரூராய்ப் போய்ச் சொல்ல ஆளில்லை. எங்கள் டிவிஷனில், தேர்தலுக்கு முந்திய நாட்களிலொன்றில், கொழுந்து மடுவத்தருகே இதனை விளக்க முற்பட்ட இளைஞனொருவனைப் பார்த்து மூதாட்டி ஒருத்தி, “மூணு பேரு எதுக்கு தம்பி? ஒருத்தரு வந்து ஒழுங்கா இருந்தா போதாதா? தலைவரு ஒண்ணுல மட்டுந்தான் போடச் சொன்னாரு” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போனாள். இளைஞனிடம் பதிலில்லை.

ஜனாதிபதித் தேர்தலில் இவ்வளவு வலுவற்றிருக்கும் சுயேச்சைக்கு, பாராளுமன்றக் கணக்கிலே எத்தனை வலுவிருக்கக்கூடும் என்பதற்கும் எங்கள் மாவட்டமே சாட்சி. 1994 ஓகஸ்டு 16 ஆம் திகதிப் பொதுத் தேர்தலிலே, தலவாக்கலையைச் சேர்ந்த பெ. சந்திரசேகரனின் மலையக மக்கள் முன்னணி நுவரெலியா மாவட்டத்தில் ஒரு சுயேச்சைக் குழுவாகப் போட்டியிட்டு 27,374 வாக்குகளைப் பெற்று ஓர் ஆசனத்தை வென்றது. அதே வேளையில் சந்திரிகா குமாரதுங்கவின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள். முஸ்லிம் காங்கிரஸின் 7 ஐச் சேர்த்தால் 112. ஆட்சியமைப்பதற்கு வேண்டியது 113. பதினேழு ஆண்டுகால ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி நீடிப்பதா முடிவதா என்று கொழும்பு விழித்திருந்த அந்த நாட்களில், தோட்டத் தொழிலாளரின் வாக்குகளாலே வந்த அந்த ஒற்றை ஆசனமே எண்ணைப் பூர்த்தி செய்தது. சந்திரிகா பிரதமரானார்; மூன்று மாதத்துக்குள் 62 சதவீத வாக்குகளுடன் ஜனாதிபதியுமானார். சந்திரசேகரனுக்குப் பிரதியமைச்சர் பதவி கிடைத்தது. முன்னணி பின்னர் மண்வெட்டிச் சின்னத்துடன் அங்கீகாரம் பெற்ற கட்சியாகிப் பெரிய கூட்டணிகளுக்குள் போய்ச் சேர்ந்தது. 2024 இல் சஜித்தின் மேடையிலே நின்ற இராதாகிருஷ்ணன் தலைமை வகிப்பது அதே முன்னணிக்குத்தான்.